தீவிர சிகிச்சையின் பின்னர்: உயிர் தப்பியோரின் மீட்சியும் எண்ணிமத் தொழினுட்பமும் – ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன கருவியை இன்னார் இன்ன ஆண்டில் அமைத்தார், அதனால் இத்துணை உயிர்கள் காக்கப்பட்டன என்பதோடு அவ்வரலாறு முற்றுப்பெற்றுவிடுகின்றது. காக்கப்பட்ட உயிருக்குரிய மனிதர் வீடு திரும்பிய பின் எவ்வாறு நடந்தார், எவ்வாறு உறங்கினார், மீண்டும் தொழிலுக்குச் சென்றாரா என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவதரிது. தீவிர சிகிச்சையின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். முதலாவது தீவிர சிகிச்சைப் பிரிவு 1953 இல் தோன்றியது. அங்கிருந்து உயிருடன் வெளியேறுவோரைத் தொடரும் உடல், உள, அறிவாற்றற் பாதிப்புகளுக்குப் பொதுப் பெயரொன்று வழங்கப்பட்டதோ 2012 இலேயாகும். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நீடித்த இவ்விடைவெளி எவ்வாறு தோன்றியது, அதனை நிரப்புவதற்கென இன்று முன்வைக்கப்படும் எண்ணிமத் தொழினுட்பம் எதனைச் செய்ய வல்லது, எதனைச் செய்ய வல்லதன்று என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கொப்பன்ஹேகன், 1952

1952 ஆம் ஆண்டின் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனை இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோய் தாக்கியது. தொற்றுநோயாளர் கொண்டுவரப்பட்ட பிளெக்டம் வைத்தியசாலையில், நோய் உச்சமடைந்த காலத்தில் நாளொன்றுக்கு ஐம்பது பேர் வரையில் அனுமதிக்கப்பட்டனர். சுவாசத் தசைகள் செயலிழந்தோருக்கு உதவக் கூடியனவாக அங்கிருந்தவை, ‘இரும்பு நுரையீரல்’ எனப்பட்ட தொட்டி வடிவக் கருவி ஒன்றும், மார்பை மூடும் கவச வடிவக் கருவிகள் ஆறுமே. முதல் மூன்று வாரங்களில் இவற்றைக் கொண்டு சிகிச்சையளிக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

இந்நிலையிலேயே தலைமை வைத்தியரான லாசென், மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சனின் ஆலோசனையை நாடினார். பொஸ்ரன் நகரிற் பயிற்சி பெற்று மீண்டிருந்த இப்சனுக்கு, சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்கமுற்ற நோயாளிக்குக் கையினாற் காற்றூட்டுவது அன்றாடப் பணியாகும். ஓகஸ்ட் 27 ஆந் திகதி, இறக்குந் தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையொன்றைக் கையால் அழுத்தி அவளது நுரையீரலுக்குக் காற்றூட்டிக் காட்டினார். குருதியிற் காபனீரொட்சைட்டுச் சேர்வதே மரணத்திற்குக் காரணம் என்னும் அவரது கருத்தை, ஆய்வுகூடப் பொறுப்பாளராயிருந்த போல் ஆஸ்ட்ரப்பின் அளவீடுகள் உறுதிப்படுத்தின.

எனினும் ஒரு சிறுமிக்குச் செய்து காட்டியதை நூற்றுக்கணக்கானோருக்குச் செய்வதற்கு இயந்திரங்கள் இருக்கவில்லை. இருந்தவை கைகளே. ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் நோயாளரின் அருகில் அமர்ந்து பையை அழுத்தினர். ஒரே வேளையில் எழுபது நோயாளருக்கு இவ்வாறு காற்றூட்டப்பட்ட நாட்களும் இருந்தன. மொத்தத்தில் 165,000 மணித்தியால உழைப்பு இதிற் செலவாயிற்று எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இறப்பு வீதம் முன்னிருந்ததன் அரைவாசிக்கும் கீழாகக் குறைந்தது. 1953 டிசம்பரில் கொப்பன்ஹேகன் நகராட்சி வைத்தியசாலையில் இப்சன் நிரந்தரப் பிரிவொன்றை ஆரம்பித்தார். உலகின் முதலாவது தீவிர சிகிச்சைப் பிரிவாக வரலாற்றாசிரியர் பலர் கொள்வது இதனையே.

இந்நிகழ்ச்சியில் இரு விடயங்கள் மனங்கொளத்தக்கன. முதலாவது, தீவிர சிகிச்சை என்பது கருவியினால் அன்றி, ஒழுங்கமைக்கப்பட்ட கூட்டுழைப்பினாலே பிறந்தது. நோயாளியின் முகக்குறிப்பை நோக்கி, காற்றின் அளவைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்த ஒரு மனிதர் ஒவ்வொரு படுக்கையின் அருகிலும் இருந்தார். இரண்டாவது, முதன்முதலிற் காக்கப்பட்ட அச்சிறுமியின் பிற்கால வாழ்வு பற்றியது. அவள் 1971 வரை வாழ்ந்தாள். கைகால்கள் இயங்காத நிலையில், சுவாசக் கருவியின் துணையோடு கழிந்த அப்பத்தொன்பது ஆண்டுகளைப் பற்றி மருத்துவ நூல்கள் கூறுவது மிகக் குறைவு. 1952 ஓகஸ்ட் 27 இன் அந்தச் சில நிமிடங்களைப் பற்றியோ பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ளது. பின்வந்த அரை நூற்றாண்டின் போக்கிற்கு இதனை ஒரு முன்னறிகுறி எனலாம்.

2. படுக்கையை நோக்கிய கணினி

மாணவரின் கைகள் செய்ததை விரைவிலேயே இயந்திரங்கள் செய்யலாயின. சுவீடனைச் சேர்ந்த எங்ஸ்ட்ரோம் அமைத்த சுவாச இயந்திரம் ஐம்பதுகளில் ஐரோப்பாவிற் பரவியது. 1958 இல் ஐக்கிய அமெரிக்காவின் பால்டிமோர் நகரிற் பீட்டர் சாபர் தீவிர சிகிச்சைப் பிரிவை ஏற்படுத்தினார். இயந்திரத்தின் வருகை மிகப் பலரின் உயிரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது படுக்கையருகே இருந்த மனிதரை அகற்றியது. இயந்திரத்தின் தாளத்தோடு நோயாளியை இணங்கச் செய்வதற்கு ஆழ்ந்த உறக்கத்தைத் தரும் மருந்துகள் பெருமளவில் வழங்கப்படலாயின. பிற்காலத்தில் உயிர் தப்பியோரை வருத்திய துன்பங்கள் சிலவற்றின் வேர் இங்கேயே உள்ளது.

எண்ணிமத் தொழினுட்பம் இத்துறையுட் புகுந்ததும் ஏறத்தாழ இதே காலத்திலாகும். அறுபதுகளில் லொஸ் ஏஞ்சலிசில் மக்ஸ் ஹரி வீல், ஹேர்பேட் ஷூபின் ஆகியோர் அதிர்ச்சிநிலை நோயாளரின் குருதியமுக்கம், இதயத் துடிப்பு முதலியவற்றைக் கணினி மூலம் இடையறாது கண்காணிக்க முயன்றனர். சோல்ற் லேக் நகரின் எல்.டி.எஸ். வைத்தியசாலையில் ஹோமர் வோர்னரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ‘ஹெல்ப்’ என்னும் கணினி முறைமை, நோயாளரின் தரவுகளைச் சேர்த்து வைத்ததோடு வைத்தியருக்கு எச்சரிக்கைகளையும் முடிவெடுப்பதற்கான துணையையும் வழங்கியது. 1981 இல் வில்லியம் நவுஸ் குழுவினர் ‘அப்பாச்சி’ எனப்படும் புள்ளியிடல் முறையை வெளியிட்டனர். 1985 இல் வெளிவந்த அதன் இரண்டாம் வடிவம், பன்னிரண்டு உடலியல் அளவீடுகளோடு வயதையும் நாட்பட்ட நோய்களையும் சேர்த்து நோயின் கடுமையை ஓர் எண்ணாகத் தந்தது.

அவ்வெண் எதனை முன்னுரைத்தது என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா. நோயாளி வைத்தியசாலையில் இறப்பாரா, உயிருடன் வெளியேறுவாரா என்பதையே அது முன்னுரைத்தது. வாசலைத் தாண்டிய கணத்தில் ஒருவர் ‘வெற்றி’ என்னும் நிரலிற் பதியப்பட்டார். எது அளக்கப்படுகின்றதோ அதுவே அறிவாகின்றது. அளக்கப்படாதது இல்லாததாகவே கொள்ளப்படுகின்றது. இதற்குத் தனிமனிதரின் அசட்டையைக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. தீவிர சிகிச்சை நிபுணர் நோயாளியைப் பொது விடுதிக்கு அனுப்பிவிடுவார். விடுதி அவரை வீட்டிற்கு அனுப்பிவிடும். குடும்ப வைத்தியருக்கோ ஒரு பக்கக் குறிப்பு மாத்திரமே சென்றடையும். செலவும் பொறுப்பும் படுக்கையோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், படுக்கை காலியானதும் பொறுப்பும் முடிவுற்றது. இவ்வாறாக, மீட்சியின் சுமை முழுவதும் ஊதியமற்ற குடும்ப உழைப்பின் மீது, குறிப்பாகப் பெண்களின் மீது, எவருடைய கணக்கிலும் எழுதப்படாமலே இறக்கி வைக்கப்பட்டது.

3. வாசலுக்கு அப்பால்

இம்மௌனம் தொண்ணூறுகளின் இறுதியிலேயே குலையத் தொடங்கிற்று. கணினிக் கண்காணிப்பிற்குப் பெயர்பெற்ற அதே சோல்ற் லேக் நகரிலிருந்து 1999 இல் ரமோனா ஹொப்கின்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. கடும் சுவாசச் செயலிழப்பிலிருந்து தப்பிய 55 பேரை அவர்கள் பின்தொடர்ந்தனர். ஓராண்டின் பின்னரும் அவர்களுள் 78 சதவீதத்தினரிடம் நினைவாற்றல், கவனம், சிந்தனை வேகம் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் குறைபாடு காணப்பட்டது.

2003 இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து மார்கரெட் ஹெரிட்ஜ் குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. அத்தகைய 109 பேரை ஆராய்ந்த அவர்கள், நோயாளர் தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வெளியேறும்போதே தமது உடல் நிறையில் 18 சதவீதத்தை இழந்திருந்ததைக் கண்டனர். ஓராண்டின் பின் அவர்களின் நுரையீரல் பெருமளவு தேறியிருந்தது. ஆயினும் ஆறு நிமிடத்தில் அவர்களால் நடக்க முடிந்த தூரம் எதிர்பார்க்கப்படுவதன் 66 சதவீதமாகவே இருந்தது. தடை நுரையீரலில் இல்லை, கரைந்துபோன தசையிலேயே இருந்தது. தொழிலுக்கு மீண்டவர்கள் 49 சதவீதத்தினரே. ஐந்தாண்டுகளின் பின்னரும் நடைத்தூரம் 76 சதவீதத்திற்கு மேல் உயரவில்லை என்பதை 2011 இல் அதே குழுவினர் வெளிப்படுத்தினர்.

2013 இல், நாஷ்வில் நகர வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் 821 நோயாளரை ஆராய்ந்தனர். அவர்களுள் 74 சதவீதத்தினர் வைத்தியசாலையில் அறிவுக்குழப்ப நிலைக்கு உட்பட்டிருந்தனர். ஓராண்டின் பின் பரிசோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றிலொருவரின் அறிவாற்றல், தலையில் நடுத்தர அளவிற் காயமுற்றோரின் மட்டத்தில் இருந்தது. குழப்பநிலை நீடித்த நாட்கள் கூடக்கூடப் பாதிப்பும் கூடியது. இப்பாதிப்பு முதியோரை மட்டுமன்றி இளையோரையும் விட்டுவைக்கவில்லை.

உளப் பாதிப்புகளுள், ஆங்கிலேயத் தாதியும் ஆய்வாளருமான கிறிஸ்டினா ஜோன்ஸ் முதலியோர் கவனத்திற் கொண்டுவந்த ஒன்று தனித்துக் குறிப்பிடத்தக்கது. உயிர் தப்பிய பலருக்குத் தீவிர சிகிச்சைக் காலம் பற்றிய உண்மையான நினைவு ஏதும் இருப்பதில்லை. அதற்குப் பதிலாக, தாம் சிறைவைக்கப்பட்டதாகவும் தாதியர் தம்மைக் கொல்ல முயன்றதாகவும் தோன்றிய பொய்நினைவுகளே மிகத் தெளிவாக எஞ்சிநிற்கும். அவையே பின்னர் மனவடுவாக மாறுகின்றன. மனவடு என்னும் சொல் எத்தகைய பொருட்கனம் உடையது என்பதைத் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகள் வாயிலாக நம் வாசகர் நன்கறிவர். போர்க்களத்தை அறியாத ஒருவருக்கும், உயிர்காக்கும் படுக்கையே அத்தகைய வடுவைத் தரக்கூடும் என்பது சிந்தனைக்குரியது.

இவையனைத்தையும் ஒருங்கே குறிக்கும் ‘தீவிர சிகிச்சைக்குப் பிற்பட்ட கூட்டுநோய்க்குறி’ என்னும் பெயர், அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2010 இற் கூட்டிய மாநாட்டிற் பிறந்து 2012 இல் அச்சேறியது. நோயாளியின் குடும்பத்தினரும் அதனுள் அடக்கப்பட்டமை குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும். பெயரிடுதல் வெறுஞ் சொல்லாக்கமன்று. பெயர் பெறாத துன்பத்திற்கு நிதியும் ஒதுக்கப்படுவதில்லை, சேவையும் அமைக்கப்படுவதில்லை.

4. தாதியர் தொடக்கிய மாற்று

நிபுணர்கள் பெயரிடுவதற்கு முன்னரே, படுக்கையருகே நின்ற தாதியர் இத்துன்பத்தை இனங்கண்டிருந்தனர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஸ்கண்டிநேவிய நாடுகளின் தாதியர், உணர்வற்றிருந்த நோயாளருக்காக எளிய மொழியில் நாட்குறிப்பு எழுதலாயினர். ‘இன்று உங்கள் மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், இன்று முதன்முறையாகக் கண்திறந்தீர்கள்’ என்னும் பாங்கில் அமைந்த அக்குறிப்புகள், நோயாளி மீண்ட பின் நிழற்படங்களோடு அவரிடம் கையளிக்கப்பட்டன. இழந்த நாட்களை ஒருவருக்கு மீட்டுக் கொடுக்கும் முயற்சி அது. ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் 12 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 352 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2010 இல் வெளிவந்த ஆய்வில், புதிதாகத் தோன்றிய மனவடு நோய் நாட்குறிப்புப் பெற்றோரில் 5 சதவீதமாகவும் ஏனையோரில் 13 சதவீதமாகவும் இருந்தது. ஆயினும் பிரான்சின் 35 பிரிவுகளில் 657 நோயாளரைச் சேர்த்து 2019 இல் வெளியான பெரிய ஆய்வு அத்தகைய பயனைக் காட்டவில்லை. முதலாவது ஆய்வில் நாட்குறிப்பு, பயிற்சி பெற்ற தாதியரால் விளக்கத்தோடு கையளிக்கப்பட்டது என்பதை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். ஏட்டிற்கு உள்ள ஆற்றலையும், ஏட்டை விளக்கிச் சொல்லும் மனிதருக்கு உள்ள ஆற்றலையும் பிரித்தறிவது எளிதன்று.

மீட்சிக்கான பிற முயற்சிகளின் பெறுபேறுகளும் இவ்வாறே கலவையானவை. வீட்டில் தாமே செய்யத்தக்க ஆறு வாரப் பயிற்சிக் கைந்நூலொன்று 126 பேரின் உடற்றேற்றத்தை விரைவுபடுத்தியதாக 2003 இல் ஜோன்ஸ் குழுவினர் காட்டினர். ஆனால் 286 பேரைக் கொண்ட பிரித்தானிய ஆய்வொன்று, தாதியர் நடத்திய தொடர்சிகிச்சை நிலையங்கள் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தவில்லை என 2009 இல் அறிவித்தது. எடின்பரோவில் 240 பேரிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளிவந்த ஆய்விலும் நடமாட்டம் மேம்படவில்லை. நோயாளரின் திருப்தி மட்டுமே கூடியது.

இதற்கிடையில் உயிர் தப்பியோரும் தமக்கெனக் குரலெழுப்பலாயினர். 2005 இல் இங்கிலாந்தின் மில்ரன் கீன்ஸ் நகரில், முன்னாள் நோயாளரும் உறவினரும் இணைந்து ‘ஐ.சி.யு. ஸ்ரெப்ஸ்’ என்னும் அமைப்பை நிறுவினர். 2014 இல் கிளாஸ்கோ அரச வைத்தியசாலையில் தொடங்கிய ஐந்து வாரத் திட்டமொன்று, மருத்துவருடனும் தாதியருடனும் இயன்மருத்துவருடனும் முன்னாள் நோயாளரையும் ஓரிடத்தில் அமர்த்தியது. நிதிப் பிரச்சினைகளுக்கான ஆலோசனையும் அங்கு வழங்கப்பட்டது. தசை வலுவிழத்தலையும் வேலை இழத்தலையும் ஒரே நோயின் இரு முகங்களாகக் கண்டமையே அதன் சிறப்பெனலாம்.

5. வீட்டை நோக்கிய கணினி

ஆக, எண்ணிமத் தொழினுட்பம் மீட்சித் துறையுள் நுழைந்தபோது வெறும் நிலத்தில் நுழையவில்லை. நாட்குறிப்பு, கைந்நூல், தொடர்சிகிச்சை நிலையம், சகநோயாளர் கூட்டம் ஆகிய நான்கும் முன்னரே இருந்தன. இணையத்தளம், கைத்தொலைபேசிச் செயலி, காணொளிவழி உடற்பயிற்சி, மெய்நிகர்க் காட்சி என்பன இந்நான்கினதும் புதிய வடிவங்களே.

அவற்றின் பயன் எத்தகையது? ஐக்கிய அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர், தொலைபேசியும் இணையமும் வழியாக உளத்தாங்கற் பயிற்சி அளித்து 175 நோயாளரை ஆராய்ந்தனர். 2018 இல் வெளியான பெறுபேறுகளின்படி, மொத்தத்திற் பயன் காணப்படவில்லை. தொடக்கத்திலேயே கடும் உளத்துயர் கொண்டிருந்தோரிடம் மட்டும் சிறிது பயன் தென்பட்டது. உளக்குவிப்புப் பயிற்சியைச் செயலியாக அமைத்து 80 பேரிடம் அவர்கள் நடத்திய முன்னோடி ஆய்வு 2019 இல் வந்தது. அது அம்முறை நடைமுறைக்கு ஏற்றது என்பதைக் காட்டியது. நெதர்லாந்தின் ரொட்டர்டாமில், தீவிர சிகிச்சைப் பிரிவு எத்தகையது, ஒவ்வொரு குழாயும் எதற்காக என்பனவற்றை மெய்நிகர்க் காட்சியாக நோயாளருக்குக் காட்டும் முறை உருவாக்கப்பட்டது. 2021 இல் வெளியான சிறிய ஆய்வு நம்பிக்கை அளித்தது. கோவிட் நோயாளரிடம் நடத்தப்பட்டு 2022 இல் வெளிவந்த ஆய்வில் உளத்துயர் குறையவில்லை. பராமரிப்புப் பற்றிய நோயாளரின் மதிப்பீடே உயர்ந்தது.

2020 இன் கொள்ளைநோய் இம்முயற்சிகள் அனைத்தையும் முடுக்கிவிட்டது. உறவினர் வைத்தியசாலைக்குள் வரத் தடைசெய்யப்பட்ட அந்நாட்களில், ஐக்கிய இராச்சியத்தின் ‘லைஃப் லைன்ஸ்’ திட்டம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கைக்கணினிகளை வழங்கி, நோயாளர் தம் குடும்பத்தினரைக் காண வழிசெய்தது. தொடர்சிகிச்சை நிலையங்கள் பல காணொளிவழி இயங்கலாயின. நெடுந்தூரம் பயணஞ்செய்ய இயலாத நோயாளிக்கு இது உண்மையான நன்மையே. இதனை மறுப்பது நமது நோக்கமன்று.

எனினும் இத்தொழினுட்பத்தின் உள்முரண்பாடு ஒன்றை நாம் சுட்டுதல் வேண்டும். செயலியைப் பயன்படுத்துவதற்கு நினைவாற்றல் வேண்டும், கவனம் வேண்டும், விரல்களில் வலுவும் கண்ணில் தெளிவும் வேண்டும். இந்நோய்க்குறி பறித்துக்கொள்வனவும் இவையே. ஆகவே மிகவும் பாதிக்கப்பட்டவரே கருவியிலிருந்து மிகவும் விலக்கப்படுகின்றார். வறுமையும் முதுமையும் இவ்விலக்கலை மேலும் ஆழமாக்குகின்றன. ஒரு வீட்டில் ஒரே கைத்தொலைபேசி பலரிடம் புழங்குமாயின், ‘நோயாளியின் செயலி’ என்னும் எண்ணக்கருவே பொருளற்றுப் போகின்றது. ஆய்வுகளை இறுதிவரை நிறைவு செய்வோர் இயல்பாகவே வலுவுடையோராதலின், அவற்றின் பெறுபேறுகளையும் எச்சரிக்கையோடு நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது பிரச்சினை அரசியற் பொருளாதாரம் சார்ந்தது. இயன்மருத்துவர் ஒருவரை நியமிப்பதற்கு ஆண்டுதோறும் சம்பளம் வேண்டும். செயலியோ ஒருமுறை வாங்கினால் ஆயிரம் பேருக்குப் போதுமெனக் கூறப்படுகின்றது. சேவைகளைச் சுருக்க விழையும் நிருவாகத்திற்கு இதனிலும் கவர்ச்சியான வாதம் வேறில்லை. ஆனால் நாம் மேலே எடுத்துக்காட்டிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கின், தகவலை மட்டும் வழங்கும் முயற்சிகள் திருப்தியைக் கூட்டினவே தவிர, நடையையும் நினைவையும் தொழிலையும் மீட்டுக் கொடுத்ததற்கான வலுவான சான்று இன்னும் கிடைக்கவில்லை. துணைக்கருவியாக அமையும் தொழினுட்பமும், மனித உழைப்பை அகற்றிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கும் தொழினுட்பமும் ஒன்றல்ல. இயந்திரம் வந்தபோது படுக்கையருகே இருந்த மாணவர் அகன்றார். செயலி வரும்போது வீட்டு வாசலுக்கு வந்திருக்க வேண்டிய தாதி அகற்றப்படலாகாது.

6. நமது சூழல்

இலங்கையைப் பொறுத்தவரையில் இவ்வினா வெறுங் கோட்பாட்டு வினா அன்று. தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தரவுகளை எண்ணிம முறையிற் சேர்க்கும் பதிவேடு இந்நாட்டிலேயே உருவாக்கப்பட்டு, பின்னர் பாகிஸ்தான், இந்தியா முதலிய நாடுகளிலும் அம்முறை கைக்கொள்ளப்பட்டுள்ளது. தீவிர சிகிச்சையிலிருந்து மீண்ட இலங்கையரின் அனுபவங்களைத் திரட்டிய ஆய்வொன்றும் 2018 இல் வெளிவந்தது. பெருஞ்செல்வ நாடுகளின் செயலிகளை இரவல் வாங்கவேண்டிய நிலையில் மட்டும் நாம் இல்லை என்பதை இவை உணர்த்துகின்றன.

இதனிலும் முக்கியமான வளம் ஒன்று நம்மிடம் உண்டு. 1926 இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த களச் சுகாதார அமைப்பே அது. குடும்பநல மாது வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் காணும் வழக்கம் இந்நாட்டிற் புதியதன்று. வைத்தியசாலையில் இருந்து வெளியேறும் நோயாளியின் பெயரை எண்ணிமப் பதிவேடு பிரதேசச் சுகாதாரப் பணிமனைக்கு அறிவிக்குமாயின், அங்கிருந்து ஒருவர் அவ்வீட்டிற்குச் சென்று அவரது நடையையும் உணவையும் உறக்கத்தையும் விசாரிக்குமாறு செய்யலாம். அதற்கென ஆளணி பெருக்கப்படல் வேண்டும் என்பது வெளிப்படை. சிறப்பு நிபுணரின் ஆலோசனை தேவைப்படின் கைத்தொலைபேசி அதற்குப் பாலமாகலாம். தோட்டத் தொழிலாளியோ கடற்றொழிலாளியோ வேலைக்கு மீள இயலாத மாதங்களில் அவரது குடும்பத்தைத் தாங்கும் உதவியும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படல் வேண்டும். அறிவுறுத்தல்கள் நோயாளியின் தாய்மொழியில் அமைதல் வேண்டும் என்பதைத் தனித்து வற்புறுத்த வேண்டியதில்லை.

7. முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மூன்று முடிபுகளை முன்வைக்கலாம். தீவிர சிகிச்சை கூட்டுழைப்பிற் பிறந்து இயந்திரத்தில் வளர்ந்தது. அவ்வளர்ச்சியின்போது அது உயிர்தப்பலை அளந்ததேயன்றி வாழ்தலை அளக்கவில்லை. மீட்சி என்னும் பிரச்சினையை முதலில் இனங்கண்டு அதற்கென வழிமுறைகளை ஆக்கியதில் தாதியரும் உயிர் தப்பியோரும் அவர்தம் குடும்பத்தினரும் பெரும்பங்கு வகித்தனர். எண்ணிமத் தொழினுட்பம் அவ்வழிமுறைகளைத் தொலைவிலுள்ளோரிடம் கொண்டுசெல்ல வல்லது. ஆனால் அவற்றைத் தானே ஈடுசெய்ய வல்லதென்பதற்குச் சான்றில்லை.

எனவே ஒரு செயலியையோ பதிவேட்டையோ மதிப்பிடும்போது அது எத்துணை நவீனமானது என்று கேட்பது போதாது. அதனால் எத்தனை பேர் மீண்டும் நடந்தனர், எத்தனை பேர் தொழிலுக்கு மீண்டனர், அவர்களைப் பராமரித்த மனைவியின் அல்லது மகளின் சுமை எவ்வளவு குறைந்தது என்று கேட்டல் வேண்டும். இவ்வினாக்களுக்கான விடைகளும் பதிவேட்டில் இடம்பெறும் நாளிலேயே, 1952 இல் அம்மாணவர்களின் கைகள் தொடக்கிவைத்த பணி நிறைவை நோக்கிச் செல்கின்றது எனக் கூறலாம்.